பதினோரு புறாக்களும் ஒரு சூரியப் புயலும்

"போன தடவையும் இதையேதான் சொன்ன!"

"போன தடவை வேறடா. இந்தத் தடவை..."

"வேறயாம்! சூரியன் என்ன, தடவைக்கு ஒண்ணா மாறுதா?"

"என்னை முழுசாப் பேச விடு!"

"நீ பேசி, நான் கேட்டு, ஊரே சிரிச்சது போதும்!"

சமையலறையில் அடுப்புப் பக்கம் அம்மா, அலமாரிப் பக்கம் மாமா. நடுவே வாசற்படியில் கொசுறு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மிளகு என்ற புறா. சத்தம் ஏறும்போதெல்லாம் மிளகு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. கொசுறுவும் அப்படியே செய்தாள்.

கொசுறு என்பது மாமா வைத்த பெயர். கடைக்குப் போனாலும் மாடிக்குப் போனாலும், கூப்பிடாமலே கூட வருவாளாம். வயது பத்து.

அம்மாவுக்கு வேலை வானிலைச் செயற்கைக்கோள் நிலையத்தில். அந்தச் செயற்கைக்கோள் மேகத்தை மட்டும்தான் பார்க்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். அதற்குப் பூமியைப் பார்க்க ஒரு கண், சூரியனைப் பார்க்க இன்னொரு கண். அம்மாவுக்கு அந்த இரண்டாவது கண்ணோடுதான் பாடு. கண் கூசினால் நாம் கையை வைத்து வெயிலை மறைப்போமே, அதுபோல அது சூரியனின் நடு வட்டத்தை ஒரு தகட்டால் மறைத்துவிட்டு, ஓரத்தில் என்ன பீறிடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிதாக ஒன்று பீறிட்டிருந்தது. இன்று சனிக்கிழமை. அது பூமியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மாமாவுக்கோ நாளைக் காலை புறாப் பந்தயம். நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஏழு மணிக்கு, லாரியிலிருந்து இருநூறு புறாக்களைத் திறந்துவிடுவார்கள். எது முதலில் வீடு திரும்புகிறதோ அதற்குக் கோப்பை.

"இதோ பாரு," என்றாள் அம்மா. "அந்தப் புயலுக்குள்ள ஒரு காந்தம் இருக்கு. அது வடக்கு பார்த்து வந்தா, பூமி கதவைச் சாத்திக்கும். ஒண்ணும் ஆகாது. போன தடவை அப்படித்தான் வந்துச்சு. தெற்கு பார்த்து வந்தா கதவு திறந்துக்கும். பூமியோட காந்தமே ஆட்டம் கண்டுடும். புறா அதை வச்சுத்தானே வழி கண்டுபிடிக்குதுன்னு சொல்றாங்க?"

"சரி, இது எதைப் பார்த்து வருது? வடக்கா, தெற்கா?"

"இப்பத் தெரியாது. நமக்கு முன்னாடி பதினஞ்சு லட்சம் கிலோமீட்டர்ல இன்னொரு சேட்டிலைட் காவல் நிக்குது. புயல் அதைத் தாண்டினாத்தான் தெரியும். அப்புறம் முக்கால் மணி நேரம்கூட இருக்காது."

"தெரியாது, தெரியாது! இதைச் சொல்ல ஒரு ஆபீஸ், அதுக்கு ஒரு சம்பளம்!"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுதான்டா என் வேலையில பாதி."

மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்று மாதத்துக்கு முன் அக்கா பேச்சைக் கேட்டு, பந்தயத்தையே தள்ளிவைக்கச் சொன்னவர் அவர்தான். வந்த புயலால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து புறாச் சங்கத்தில் அவர் தலை தெரிந்தாலே, "என்னய்யா, இன்னிக்கு சூரியனுக்கு லீவா?" என்று ஒருவர் கேட்பார். "அக்காகிட்ட கேட்டுச் சொல்றாராம்," என்று இன்னொருவர் முடிப்பார்.

மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு கொசுறுவின் முன் வந்து நின்றார். அதில் பதினோரு புறாக்கள். பழுப்புச் சிறகு ஒன்றோடு, வெள்ளை வெளேரென்று ராணி. மாமா முதல் கவளத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார்.

"பன்னிரண்டாவது எங்கே? மிளகைக் குடு."

மிளகை முட்டையிலிருந்து வளர்த்தவள் கொசுறு. இதுதான் அதற்கு முதல் பந்தயம். ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூடக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிளகு வரல மாமா."

"ஏன், அதுக்குக் காய்ச்சலா?"

"இல்ல. எனக்குத்தான் பயம்."

"தாயைப் போல பிள்ளை," என்று முணுமுணுத்துவிட்டு மாமா படியிறங்கிப் போனார். கொசுறு மிளகின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதாளா என்று மிளகுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபது. அம்மா இரவே வேலைக்குப் போயிருந்தாள். மாடியில் மாமா பந்தயக் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். புறா வந்து இறங்கும் நேரத்தைப் பதிவு செய்யும் கடிகாரம் அது.

மாமாவின் போன் அடித்தது. திரையில் 'அக்கா'. மாமா அதைக் கவிழ்த்து வைத்தார்.

மறுபடி அடித்தது. கொசுறு எடுத்துவிட்டாள்.

"தெற்கு!" என்றது அம்மாவின் குரல். பின்னால் பல பேர் பேசும் சத்தம். "தெற்கு பார்த்துத் திரும்பிடுச்சு. ஏழு மணிக்கு முன்னாடியே வந்து மோதும். வழி நெடுக மேகமூட்டம் வேற. சூரியனும் தெரியாம, காந்தமும் குழம்பினா புறா எதை நம்பும்? மாமாகிட்ட குடு."

கொசுறு போனை நீட்டினாள்.

"குளிக்கிறேன்னு சொல்லு," என்றார் மாமா, காய்ந்த தலையோடு.

"மாமா குளிக்கலம்மா. எதிர்லதான் நிக்கிறார்."

"சரி. மின்சார நிலையம், விமான நிலையம்னு நான் கூப்பிட வேண்டியது நிறைய இருக்கு. நீயே அவன்கிட்ட சொல்லு கண்ணு."

கொசுறு சொன்னாள். மாமா வானத்தைப் பார்த்தார். அவள் நேரத்தை வீணாக்காமல் லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.

"பாப்பா, சின்னப் பிள்ளை சொல்லி இருநூறு புறாவை நிறுத்த முடியுமா?" என்றார் லாரிக்காரர். "சங்கத் தலைவர் சொல்லணும். உங்க மாமா கூடையை வேணும்னா திறக்காம வச்சுக்கறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்."

"மாமா, ஒரு வார்த்தை," என்று கொசுறு மறுபடி போனை நீட்டினாள்.

மாமாவின் கை பாதி தூரம் வந்தது. பிறகு சங்கத்துச் சிரிப்பு காதில் விழுந்ததோ என்னவோ, பின்னால் போய்விட்டது.

"எல்லாருதும் திறக்கும்போது என்னுதையும் திறக்கச் சொல்லு."

பத்து மணிக்கு வந்திருக்க வேண்டும். பத்து ஆனது, பதினொன்று ஆனது. பன்னிரண்டுக்கு மாமா கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். அது நன்றாகத்தான் ஓடியது. வானம் முழுக்க அழுக்குத் துணிபோல மேகம். மூன்று மணிவரை ஒரு சிறகும் இல்லை.

அப்போது போன் அடித்தது. சங்கத் தலைவர். அவர் போட்ட சத்தம் கொசுறுவுக்கே கேட்டது.

"யாருக்குமே புறா வரலய்யா! உங்க அக்கா அந்த ஆபீஸ்லதானே இருக்காங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாமா கொசுறுவைப் பார்த்தார். கொசுறு கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னாங்க," என்றார் மாமா. "நேத்தும் சொன்னாங்க, இன்னிக்குக் காலையிலயும் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அதற்குமேல் தலைவர் என்ன சொன்னாரோ, மாமா காதிலிருந்து போனை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கொசுறு யோசித்தாள். வழி தவறிய புறாக்கள் எங்கேயாவது பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு புறாவுக்கு இன்னொரு புறாவைக் கண்டால் ஆசை. கூட்டமாக இருக்கும் இடத்தில்தான் அது இறங்கும். மாடிக்கு மேலே ஒரு புறா வட்டமடித்தால்?

அவள் மிளகின் கூண்டுக் கதவில் கை வைத்தாள்.

"வேணாம்டி," என்றார் மாமா. "இதுவும் போயிடப் போகுது. உனக்கு இது ஒண்ணாவது மிஞ்சட்டும்."

"மிளகுக்கு வழி தேட வேண்டாம் மாமா. நம்ம தண்ணித் தொட்டி கண்ணுல பட்டாப் போதும்." சொல்லிவிட்டாளே தவிர, மிளகின் தலையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் கொக்கியைத் தூக்கினாள்.

மிளகு மேலே ஏறியது. ஒரு வட்டம், இரண்டு வட்டம். கொசுறு தானிய டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். மிளகு இறங்கப் பார்த்தால், "இன்னும் ஒரே ஒரு தடவைடா தங்கம்," என்று கையை வீசி மறுபடி ஏற்றினாள். அப்படிச் செய்யும்போது அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

நாலு மணிக்கு மேகத்துக்குள்ளிருந்து ஒரு புள்ளி. அது மிளகின் பின்னால் ஒரு சுற்று சுற்றி, கல் விழுவதுபோல மாடியில் விழுந்தது. மாமா ஓடிப்போய் அள்ளினார். கடிகாரத்தை அவர் தொடவே இல்லை.

பிறகு இரண்டு. பிறகு, நெஞ்சில் இறகு உதிர்ந்த ஒன்று. அதோடு சரி.

மிளகு கடைசியாக வந்து கொசுறுவின் தோளில் உட்கார்ந்தது. அதன் இதயம் அடித்தது அவள் காதில் கேட்டது. தண்ணீர்க் கிண்ணத்தை அதன் மூக்கருகே பிடித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா பையோடு நேராக மாடிக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. மாமா இன்னொரு காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"நாலு," என்றாள் கொசுறு. "ராணி வரலம்மா."

'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல அம்மாவுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கொசுறு அதற்காகப் பயந்துகொண்டு காத்திருந்தாள். மாமாவும் தலையைக் குனிந்துகொண்டு அதற்குத்தான் காத்திருந்தார். அம்மா அதைச் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்தாள். கொசுறுவின் கையிலிருந்த டப்பாவை வாங்கி, தானும் இரண்டு முறை குலுக்கிப் பார்த்தாள்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்று மாமா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார். "எப்ப அடங்கும் அக்கா, அந்தப் புயல்?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அடங்கிடும்."

"மேகம்?"

"அது விடியறதுக்குள்ள விலகிடும்."

"அப்போ ராணி நாளைக்கு வந்துடும். இல்ல?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லாத அக்கா."