வேலியில் தொங்கிய தாய்

கல்குவாரி ஆஸ்பத்திரிக்கு வேலை மாற்றலாகி வந்த நர்சம்மா, காட்டோரத்துக் குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. புருஷன் லாரியிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தான். பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பிவேலியில் பெண் ஓநாய் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. மடியில் பால் கட்டியிருந்தது.

ஆட்டைத் தூக்கியதால் நேற்றுச் சுட்டோம், மற்றதெல்லாம் பயந்து ஓடத்தான் தொங்கவிட்டிருக்கிறோம் என்றார் வாட்ச்மேன். குட்டிகள் என்ன ஆயின என்று கேட்டாள். அவை கிடந்த குகை வாயைக் கல் வைத்து அடைத்தாயிற்று என்றார்.

"ஓநாய்க்குப் போய்ப் பாவம் பாக்குறீங்களே நர்சம்மா. அதுக்கு ரத்தம்தான் தெரியும். பாசமாவது மண்ணாவது."

அதை இறக்கிப் புதைத்துவிடும்படி புருஷனிடம் சொன்னாள். அவன் மண்வெட்டியைத் தேடி எடுத்து வருவதற்குள் வேலியில் வெறும் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நாய் இழுத்துப்போயிருக்கும் என்றார் வாட்ச்மேன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் சிட்டுவின் சத்தத்தையே காணோம்.

கட்டிலுக்கடியில் பார்த்தார்கள், லாரிக்குள் பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டியில் கம்பு விட்டுத் துழாவினார்கள். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை கட்டிப்போனது. குவாரி ஆட்கள் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள்.

வேலிக்கு அப்பால் ஈரமண்ணில் சிட்டுவின் பாதங்கள் பதிந்திருந்தன.

பக்கத்திலேயே ஓநாயின் தடம். இழுத்துச்சென்ற அடையாளம் எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்து நடந்து போயிருந்தன.

வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மனசைத் தேத்திக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவரைத் தள்ளிவிட்டு அவள் ஓடினாள். முள் கிழித்தது, செருப்பு அறுந்தது, எதுவும் தெரியவில்லை. உயிரோடு இல்லாவிட்டாலும் முழுசாகவாவது கிடைக்கட்டும் என்று மனம் வேண்டிக்கொண்டபோது, தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தடம் குகை வாயில் முடிந்தது. அடைத்துவைத்த கற்கள் உருண்டு கிடந்தன. உள்ளேயிருந்து பாலும் ஈரமயிரும் கலந்த வாடை வீசியது.

மண்டியிட்டு உள்ளே நுழைந்தாள். கை முதலில் சில்லிட்ட சின்ன உடம்புகள் மேல் பட்டது. மயிர் இருந்தது. குட்டிகள். அவற்றுக்கு நடுவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள் சிட்டு.

சிட்டுவின் உடம்பு கதகதவென்று இருந்தது. அவள் கிடந்த மண்ணும்தான்.

வாரி அணைத்துக்கொண்டபோது, நர்சம்மாவின் பிடரியில் மூச்சுக்காற்று பட்டது.

அவள் திரும்பவில்லை.

"உன் புள்ளைங்களைக் கொன்னது மனுசங்கதான். இல்லேங்கல" என்று கிசுகிசுத்தாள். "ஆனா இது நான் பெத்தது. எனக்கு இது ஒண்ணுதான். குடுத்துடு தாயீ."

மூச்சு வெகுநேரம் அங்கேயே நின்றது.

பிறகு இல்லை.

வெளியே வந்ததும், ஏதாவது இந்தப் பக்கம் போனதா என்று கேட்டாள். குகை வாயிலில் நின்ற புருஷன், ஈ காக்காய்கூட உள்ளேயிருந்து வரவில்லையே என்றான்.

மறுநாளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மலையே கண்ணில் படாத நகரம், மாடி வீடு, ஜன்னலுக்கெல்லாம் கம்பி. சிட்டு நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்தாள், பள்ளிக்கூடம் போனாள். காலையில் தலைவாரும்போது மட்டும் நர்சம்மாவின் சீப்பு பாதியில் நின்றுவிடும். குழந்தையின் முடி ஒரு பக்கம் ஈரமாக, நாக்கால் நீவிவிட்டதுபோல் படிந்திருக்கும்.

புருஷனிடம் அவள் சொல்லவில்லை. ஒருநாள் கதவைத் தாழிட்டு, மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு படுத்தாள். தூங்கக் கூடாது என்றுதான் இருந்தாள். விடியும் நேரத்தில் கண் அசந்துவிட்டது.

விழித்ததும் சிட்டுவின் தலையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

ஈரமாக இருந்தது நர்சம்மாவின் தலை.