கட்டிலின் அந்தப் பக்கம்

கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது.

அக்காள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையும் உச்சியும் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், செங்குத்துப் பாறையின் நடுவே, குழாய்களைச் சட்டமாகப் பொருத்தி, கித்தானை மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டி, மேலே ஒற்றைப் புள்ளியிலிருந்து வார்களில் தொங்கவிடுகிற படுக்கை அது. சாயத்தான் செய்யும். இறங்கிய பக்கத்து வாரை நாலு விரற்கடை இழுத்தால் மட்டமாகிவிடும். இழுத்தாள், மட்டமானது. கையை எடுப்பதற்குள் தம்பியின் பக்கம் மறுபடி இறங்கியிருந்தது.

"டேய் குண்டூசி, என்னத்தைடா தின்னு தொலைச்ச? உன் பக்கம் அமுங்குது."

ஊதினால் பறந்துவிடுவான் என்று சின்ன வயதில் வீட்டில் வைத்த பேர் அது. ஆளுக்கு இப்போது மீசை வந்தும் பேர் போகவில்லை.

"நியாயமாப் பார்த்தா உன் பக்கம்தான் பள்ளமா இருக்கணும். நான் உருண்டு வந்து உன் மடியில விழணும்," என்றான் அவன்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குண்டூசி கட்டிலிலேயே இல்லை. தலைக்கு மேலே, பாறையில் அடித்த போல்ட்டுகளுக்குப் பக்கத்தில், கயிற்றில் நின்றபடி மழைத்துணியை உதறிக்கொண்டிருந்தான். அமுங்கிக் கிடந்த இடத்தில் யாருமில்லை.

வார் வழுக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு முடிச்சு போட்டுவைத்தாள்.

மேகம் சீக்கிரமே இறங்கிவிட்டதால் அன்றைக்கு ஏறுவதை நிறுத்தியிருந்தார்கள். இருவரின் இடுப்புப் பட்டையிலும் திருகிப் பூட்டுகிற ஒரு கொக்கி, அதிலிருந்து ஆளுக்கொரு கயிறு நேராக அந்த போல்ட்டுகளுக்குப் போனது. கட்டிலில் கட்டுவதில்லை. கட்டில் முறியலாம், துணி கிழியலாம், தூக்கத்தில் உருளலாம். கயிறு மட்டும் இடுப்பில் இருந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். குண்டூசிக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பட்டை வயிற்றை அமுக்குகிறது என்று, தூக்கப் பைக்குள் போனதும் சத்தமில்லாமல் கழற்றிவிடுவான். வேறொரு பாறையில் ஒரு காலையில் அதைக் கண்டுபிடித்தவள் தரைக்கு வந்து சேரும்வரை அவனோடு பேசவில்லை. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தாள். படுத்ததும் அவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டி, "இருக்கியா?" என்பாள். அவன் "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வீட்டு வாசலில் அம்மாவுக்கு அவள் சொல்கிற பதில் ஒன்றுதான். அவன் கயிறு என் பொறுப்பு.

மழை பிடித்தது. கூடாரம் போல நாலா பக்கமும் மூடிய ஆரஞ்சுத் துணிக்குள் வெளிச்சம் பழுத்த பப்பாளியின் உட்புறம் போல இருந்தது. நனைந்த நைலானின் வாசனையும், ஈரக் கல்லின் வாசனையும், குண்டூசியின் காலுறை வாசனையும் கலந்து மூச்சில் கனத்தன. காற்று பாறையை உரசிக்கொண்டு கீழிருந்து ஏறி வந்து, துணியை ஊதிப் புடைக்கவைத்து, பின் உறிஞ்சி எடுத்து, மறுபடி ஊதியது. துணியின் கீழ் ஓரம் அவிழ்ந்து படபடவென்று அடித்தது.

"நான் கட்டிட்டு வர்றேன். என் சாக்லேட்ல கை வைக்காத," என்று சொல்லிவிட்டு அவன் துணிக்கு அடியில் நுழைந்து வெளியே போனான்.

பாறையில் காலணி தேய்கிற சத்தம். கட்டிலின் அடியில் கயிறு இழுபடும் சத்தம். படபடப்பு நின்றது. பிறகு காற்று மட்டும்.

அவள் பாறைப் பக்கம் திரும்பி காலணிகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் கித்தான் இறங்கியது. தூக்கப் பையின் ஜிப் ஏறும் சத்தம் கேட்டது. திரும்பினாள். அவள் கால்மாட்டில் தலை வைத்து, பையை உச்சிவரை மூடிக்கொண்டு படுத்திருந்தான். குளிர் என்று புலம்பவில்லை. சாக்லேட்டைக் கேட்கவில்லை. முணுமுணுக்காமல் அவன் படுத்து அவள் பார்த்ததே இல்லை.

அவளும் படுத்து, கையை நீட்டி அவன் கயிற்றைச் சுண்டினாள்.

சுண்ட முடியவில்லை. கம்பி போல விறைத்திருந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன்," என்றது பை. அவன் குரல்தான்.

படுத்திருப்பவனின் கயிறு ஏன் இப்படி விறைக்கவேண்டும்? இருட்ட இன்னும் நேரமிருந்தது, ஆனாலும் அவள் கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தாள். போல்ட். முடிச்சு. கயிறு. அது பைக்குள் போகவில்லை. பைக்கு மேலாகக் கட்டிலின் விளிம்புக்குப் போய், துணிக்கு அடியில் நுழைந்து, கீழே இறங்கியது. எதையோ தாங்கியபடி லேசாக ஆடியது. சாமான் மூட்டை அவள் பக்கத்தில் வேறு கயிற்றில் தொங்கியது. அதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"குண்டூசி, உன் கயிறு வெளிய போகுதுடா."

"போகட்டும்."

"எந்திரி. முகத்தைக் காட்டு."

"தூங்குக்கா."

கயிறு துடித்தது. கீழிருந்து. ஒரே ஒரு சுண்டு.

காற்று மூச்சு வாங்கிய இடைவெளியில், மிக மெல்லியதாக, அடியிலிருந்து வந்தது.

"அக்கா... இருக்கியா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"பதில் சொல்லாத," என்றது பை.

இரண்டும் ஒரே குரல். இரண்டில் எது தம்பி? ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் பொறுப்பு கயிறு. கயிற்றில் இருப்பவன்தான் அவன்.

துணியின் ஜிப்பைத் திறந்தாள். மழை முகத்தில் அறைந்தது. தலையை வெளியே நீட்டினாள். பிறகு மார்பை. இடுப்புவரை விளிம்புக்கு வெளியே சாய்ந்து, கீழே பார்த்தாள்.

கைக்கெட்டும் தூரத்தில் பட்டை தொங்கியது. கயிறு அதில் கட்டியபடி இருந்தது. கொக்கி பூட்டியிருந்தது.

பட்டைக்குள் ஆள் இல்லை.

ஆனால் அது தளரவில்லை. தொடை வளையங்கள் உருண்டு, நிறைந்து நின்றன. பட்டைக்கு மேலே, வெறுங்காற்றில், மழை எதன் மீதோ பட்டுத் தெறித்தது. இரண்டு தோள்களில் வழிந்தது. ஒரு தாடையிலிருந்து சொட்டியது.

"குண்டூசி..."

இரண்டு கைகளையும் நீட்டினாள். கண்ணுக்குத் தெரியாத ஈர விரல்கள் அவள் மணிக்கட்டுகளை இறுக்கிப் பிடித்தன. பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தன. ஆனாலும் தெரிந்த பிடி. எத்தனை பாறை விளிம்புகளில் அவள் தூக்கிவிட்ட பிடி. அவளும் பிடித்தாள். ஒல்லியான மணிக்கட்டு. உள்ளே நாடி ஓடியது.

"விட்டுடாதக்கா."

"விட மாட்டேன்டா. விடவே மாட்டேன்."

பின்னால் தூக்கப் பையின் ஜிப் இறங்கியது. மெதுவாக. கடைசிப் பல்வரை.

அவள் கெண்டைக்கால்கள் மீது ஒரு கனம் ஏறியது. தொடைக்கு நகர்ந்தது. ஒரு கை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது, அழுகிற குழந்தையைத் தட்டுவது போல. பிறகு இடுப்புக்குப் போனது. முன்பக்கம் சுற்றி வந்தது.

அவள் கொக்கியைக் கண்டுபிடித்தது.

திருகைத் தளர்த்தத் தொடங்கியது. ஒரு சுற்று.

கைகளை விட்டால் தடுக்கலாம்.

இன்னொரு சுற்று.

அவள் அந்த மணிக்கட்டுகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.