ஏரிக்கரை ரயில்காரி

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டபோது பூங்கா ரயில் கிளம்பிவிட்டது. நனைந்தபடி ஓடிவந்த ஒருவன் கடைசிப் பெட்டியில் தாவி ஏறினான். அடுத்த நொடி ரயில் நின்றது. ஓட்டும் இருக்கையிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றின் கீழே கனன்ற கண்கள்.

“கால் வழுக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“பொம்மை ரயில்தானேங்க...”

சொல்லியிருக்கவே கூடாது. முகம் சுருங்கத் திரும்பிப் போனாள்.

ஏரியைச் சுற்றிவந்த ரயிலைக் குகைப்பாதைக்குள் நிறுத்தினாள். மழை விடும்வரை அங்கேதான். விளக்கொளியில் பாறைச் சுவர் நெடுக உளித் தழும்புகள். வழக்கமாகச் சொல்வதைத்தான் மைக்கில் சொன்னாள். இந்தப் பூங்கா ஒரு காலத்தில் கல்குவாரி. கோர்ட், பாலம், பெரியாஸ்பத்திரி எல்லாமே இந்தப் பள்ளத்திலிருந்து எழுந்தவை. ஒருநாள் ஊற்றுக்கண் உடைந்து தண்ணீர் பொங்க, வேலை செய்தவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அதுதான் ஏரி. அப்புறம் பல வருஷம் குப்பைமேடாகக் கிடந்த கரையை, ஊர் ஜனங்களே மண் கொட்டி, மரம் வைத்துப் பூங்காவாக்கினார்கள்.

அவன் மெல்ல இறங்கி, பாறையில் உள்ளங்கையை வைத்தான். பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அவன். தினமும் சாய்ந்து நிற்கிற சுவர் பிறந்த இடமா இது... திரும்பியபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவள் கோபம் எங்கே போயிற்றோ, அவளுக்கே தெரியவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தான். மன்னிப்புக் கேட்டான். அவளும் கேலி பேசிச் சிரிக்கவும், அவன் வர நேரமானால் வாசலைப் பார்க்கவும் பழகியிருந்தாள். அப்போதுதான் அவனுடைய அம்மா தனியாக வந்தார். வீட்டில் மகன் வாயைத் திறந்தாலே உன் பேச்சுதான், கல்யாணம் என்று வந்தால் இந்த வேலை மட்டும் வேண்டாமே என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆசைப்பட்டு, அடம்பிடித்து வாங்கிய வேலை அது. சுருக்கென்று தைத்தது. வார விடுமுறையை ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டு, அவன் கண்ணிலேயே படாமல் இருந்தாள்.

கோடையில் தூர்வாருவதற்காக ஏரியை வடித்தார்கள். ஊரே கரையில் கூடிவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க, பாறையில் வெட்டிய படிகள் தெரியத் தொடங்கின... கீழே, இன்னும் கீழே, ஒரு மலையையே உள்ளுக்குள் கவிழ்த்து வைத்தாற்போல். அடியில், சேறு அப்பிய கிரேன் ஒன்று இரும்புக் கையை வானத்துக்கு நீட்டியபடி நின்றது. வாயால் எத்தனையோ முறை சொன்னவள்தான். கண்ணால் கண்டதும் தன்னையறியாமல் பக்கத்திலிருந்த கையைப் பற்றிக்கொண்டாள்.

அவன் கை.

விலக்கப் பார்த்தாள். அவன் தாழ்ந்த குரலில் பேசினான். அம்மா வந்துபோனதே தனக்குப் போன வாரம்தான் தெரியும் என்றான். வேலையை விடச் சொல்லும் உரிமை நமக்கில்லை என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டானாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், இன்று தானாகவே கிளம்பி வந்திருக்கிறாராம். சற்றுத் தள்ளி அந்த அம்மா, வாய்மேல் கை வைத்தபடி பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க வேலையோட சேர்த்துத்தான்.”

அவள் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

“உங்களைப் பார்க்கக் கூடாதுன்னுதான் லீவை மாத்தினேன்... ஒரு ஞாயித்துக்கிழமைகூட வீட்ல இருப்புக் கொள்ளல. எனக்கும்... ரொம்பப் பிடிச்சிருக்கு.”