மீதி ஒன்று

தூத்துக்குடி மின்தகன நிலையத்தில் காலை வரிசை வழக்கம்போல நகர்ந்துகொண்டிருந்தது. இறந்தவரின் பிள்ளை முன்னே போய்க் கைத்தகட்டில் உள்ளங்கையை வைப்பார். திரை வகுத்துப் பார்த்து 'மீதி 0' என்று காட்டும், உலைக்கதவு திறக்கும். அடுத்த குடும்பம் வரும்.

அமுதவாணனுக்கு அழுகை வரவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்தே வருடங்கள் ஓடிவிட்டன. இனி வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்த அக்கா நறுமுகை கண் சிவந்து பக்கத்தில் நின்றாள்.

இப்போதெல்லாம் எல்லோருக்கும் ஒரு வேரெண் உண்டு. நூறு இலக்கப் பகா எண், சாகும்வரை ரகசியம். குழந்தை பிறந்ததும் மருத்துவமனைப் பொறி மரபணுவைப் படித்து, பெற்ற இருவரின் வேரெண்களையும் பெருக்கிப் பிறப்பெண் கொடுத்துவிடும். பெருக்குவது நொடி வேலை. பெருக்கியதைப் பிரித்து வேரைக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

பெயர் சூட்டும் நாளில் தந்தை தன் வேரெண்ணால் குழந்தையின் எண்ணை வகுத்துப் பார்ப்பார். விடை அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். "மீதி இல்லை" என்று அவர் சபையில் சொன்னதும் லட்டு கொடுப்பார்கள். அமுதவாணனின் விழா வீடியோவில் அப்பா திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடம் வந்தால் போதும், "அப்பா கணக்குல ரொம்ப மெதுவு" என்று நறுமுகை கேலியை ஆரம்பித்துவிடுவாள்.

அமுதவாணன் தகட்டில் கை வைத்தான். திரை அவன் பிறப்பெண்ணை அப்பாவின் வேரெண்ணால் வகுத்தது. மீதி 1.

"கையத் தொடச்சிட்டு வைங்க சார்," என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

மறுபடியும் மீதி 1.

"ஒன்னுதானம்மா மிச்சம்?" என்று கேட்டான்.

"ஒன்னோ கோடியோ, மீதி வந்தா கதவு தெறக்காது சார். வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"என்னம்மா பேசுத?" என்று நறுமுகை சீறினாள். "அப்பாவப் பாத்துக்கிட்டது பூரா இவந்தான். நான் எப்பவாச்சும் எட்டிப் பாத்தவ."

"எனக்குப் புரியுதுக்கா. கதவுக்குப் புரியாதே," என்றாள் கவுன்டர் பெண்.

அமுதவாணனுக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. தன்னைப் பெற்ற அந்த இன்னொருவர் யார் என்று கேட்கவும் தோன்றவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. வீடியோவில் அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் மட்டும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இதே ஒன்றுதானே அவர் முன்னால் நின்றிருக்கும்? பார்த்துவிட்டுத்தான் எழுந்து நின்று, "மீதி இல்லை" என்று கூடமே அதிரச் சொல்லியிருக்கிறார்.

"நீ கைய வையிக்கா," என்றான்.

நறுமுகை வைத்தாள். மீதி 0. கதவு திறந்தது, அப்பா உள்ளே போனார்.

"அக்கா, அப்பா கணக்குல மெதுவு இல்லக்கா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பிக்கு என்னம்மா வந்துச்சு? கதவு தெறக்கலையே," என்று கேட்டார்.

நறுமுகை அவர் பக்கம் திரும்பினாள்.

"மீதி இல்லய்யா," என்றாள்.