வரைபடத்தில் இருந்த படிக்கட்டு

கரும்பலகையில் ஓர் ஆற்றின் வளைவை வரைந்துகொண்டிருந்தபோது அட்லஸ் டீச்சருக்கு அந்தச் சத்தம் கேட்டது. இரும்புப் படியில் யாரோ இறங்கினார்கள். ஒரு கால், ஓர் இடைவெளி, மறு கால். அவசரமே இல்லாமல், நடைபாதையின் கோடியில், சுவருக்கு வெளியே, கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது அந்தச் சத்தம். சாக்பீஸைப் பலகையில் அழுத்தியபடியே அவள் காது கொடுத்தாள். அந்தக் கோடியில் அவள் படி எதையும் பார்த்ததில்லை. கிழிந்த நிலப்படச் சுருள்களை அடைத்துவைத்த ஒரு மர அலமாரி மட்டும்தான் சுவரோடு ஒட்டி நின்றது.

திரும்பினாள். ஏழாம் வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வழக்கமாகத் தூங்கி வழிகிறவன் தூங்கவில்லை. ஜன்னலோரத்து வாயாடிகள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருடைய வலது கையும் மேசையிலிருந்து லேசாக எழும்பி அந்தரத்தில் நின்றது. சத்தம் அடங்கியதும் கைகள் இறங்கின.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டாள்.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த அவளுடைய மகள்கூட ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் அதே வகுப்பில் படிப்பதால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே அவள் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். இவளும் 'பாப்பா' என்று கூப்பிடக் கூடாது. மகள் ஒருநாளும் அதை மீறியதில்லை. இவள்தான் இரண்டொரு முறை வாய் தவறி, வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது.

அட்லஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எந்தக் கேள்விக்கும் படம் போட்டுத்தான் பதில் சொல்வாள். பள்ளிக்கு அந்தக் கருவிகள் வந்து இறங்கியபோது, முகத்தில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் நிற்கலாம் என்று விற்பனையாளர் சொன்னபோது, தலைமையாசிரியர் வேறு யாரையும் யோசிக்கவில்லை. கருவிக்குப் பிள்ளைகள் மூஞ்சிப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். டீச்சர் உலகங்களைச் செய்தாள். எரிமலையின் வாய்க்குள் வகுப்பை இறக்கினாள். ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடல்வரை அதன் கூடவே நடத்திக்கொண்டு போனாள். பூகோளம் என்றால் கொட்டாவி விட்டதெல்லாம் வகுப்பு முடிந்த பிறகும் பெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தது.

கடைசியாகச் செய்தது இந்தப் பள்ளிக்கூடத்தை. தீ விபத்துப் பயிற்சிக்காக. மணியடித்து எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தினால் பாதி நாள் பாழாகிறது, பெட்டிக்குள்ளேயே பழக்கிவிடுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஒவ்வோர் அறையாக அளக்க அவளுக்கு ஏது நேரம்? அலுவலகத்தில் கட்டட வரைபடம் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுப்பினாள். மூன்றாம் மாடிக் கோடியில், அலமாரி நிற்கிற இடத்தில், ஒரு கதவும், அதற்கு வெளியே இரும்புப் படிக்கட்டும் வரைந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்து எழுப்பினாள். வரைபடத்தின் அடிப்பக்கம் கிழிந்து போயிருந்ததால் படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மேலே இருந்த அடுக்கையே திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டு போகும்படி விட்டுவிட்டாள். முதல் திருப்பத்தைக் கடைசிப் பிள்ளை தொட்டதும் பயிற்சி முடிந்துவிடும். அதற்குக் கீழே யார் போகப் போகிறார்கள்?

விதிகள் எளியவை. உயரப்படி வரிசை. புகையில் கண் எரியும், ஆகையால் கண்ணை மூடு. முன்னால் இருப்பவர் தோளில் வலது கையை வை. பேசாதே. நிற்காதே. கடைசியில் டீச்சர். மகள் வகுப்பிலேயே உயரம் என்பதால் அவளுடைய தோளில்தான் டீச்சரின் கை இருக்கும். பெட்டிக்குள் கை இருப்பது தெரியும், தொடுவது தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் நாற்காலிகளில் உட்கார்ந்த பிள்ளைகள் ஆளில்லாத தோள்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

நேற்றுச் சாப்பிடும்போது மகள் கேட்டிருந்தாள்.

"அந்தப் படி எங்கம்மா முடியுது?"

எங்கேயும் முடியாது, அது சும்மா என்றாள் இவள்.

"முடியுது. நாங்க இறங்கிப் பார்த்தோம். நீங்க பெட்டியைக் கழட்டினதுக்கு அப்புறம்."

"என்ன இருந்துச்சு?"

மகள் தட்டைப் பார்த்தபடி சோற்றை ஒதுக்கினாள். "அங்கயும் ஒரு வகுப்பு இருக்கு. எங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்காங்க." கற்பனையைப் பார் என்று சிரித்துவிட்டு இவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இடைவேளையில் காவலாளியைத் தேடிப் பிடித்தாள். அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, நிலப்படத்தைவிடப் பழைய கரப்பான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டேதான் மேலே வந்தார். இருவருமாக அலமாரியை நகர்த்தினார்கள். கதவு இருந்தது. சாம்பல் பூச்சு, துருப்பிடித்த பூட்டு. அவர் சாவிக்கொத்தில் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு வழியாகத் திறந்தார்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. காற்று உள்ளே வந்தது. கால் வைக்க ஒன்றுமில்லை. வாசற்படிக்கு அடியில் சுவரிலிருந்து நான்கு இரும்புத் துண்டுகள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. மிகக் கீழே பின்முற்றத்தின் சிமெண்டுத் தரை, அதன்மேல் காவலாளியின் சைக்கிள் ஒரு பொம்மையைப்போல.

"இந்தப் பக்கம் ஆகாசம்தான் டீச்சர். படி வைக்கறதா இருந்தாங்க. வைக்கவே இல்ல."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பருவம் முழுக்க இந்தக் கதவு வழியாகத்தான் பிள்ளைகளை நடத்தியிருக்கிறாள். கண்ணை மூடச் சொல்லி. நிற்காதே என்று சொல்லி. மணி அடித்தால் கால் தானாகவே இங்கே வரும் அளவுக்கு.

காவலாளி பூட்டினார். பூட்டை அவளே இழுத்துப் பார்த்தாள். அலமாரியை இருவரும் பழைய இடத்துக்கே தள்ளினார்கள். உள்ளங்கையில் துருவின் வாடை ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

தலைமையாசிரியர் கேட்டுவிட்டு, படத்தில் இருக்கிற படியிலிருந்து விழுந்து யாருக்கும் கால் ஒடியாது, பதறாதீர்கள் என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, இன்றைக்கே அழித்துவிடுங்கள், நாளைக்குப் புதிதாகப் பழக்கிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். மதியம் அவளுடைய வகுப்பைக் கணக்கு சார் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று.

கணினி அறை தரைத்தளத்தில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூஞ்சிப்பெட்டி முகம் குப்புறக் கிடந்தது. காற்றாடியின் கரகரப்பு. வேர்வையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. அவள் திரையில் பள்ளியைத் திறந்தாள். மூன்றாம் மாடிக்குப் போனாள். படிக்கட்டைச் சுட்டினாள். அழித்தாள். சேமித்தாள். திரையில் கதவுக்கு வெளியே வெறும் வெள்ளை.

அவ்வளவுதான். எழுந்து போயிருக்கலாம். ஆனால் செய்ததைச் சரிபார்க்காமல் எழுந்து பழக்கமில்லை.

பெட்டியை மாட்டிக்கொண்டாள்.

நடைபாதை. மதிய வெளிச்சம். அலமாரி இல்லாத கோடி. கதவு அகலத் திறந்திருந்தது. வெளியே வெள்ளை, தரையும் இல்லை, வானமும் இல்லை. படி போய்விட்டது. மூச்சை விட்டாள். மூச்சில் துருவின் வாடை.

இந்த உலகத்தில் வாடை கிடையாது. அவள் வைக்கவில்லை.

பின்னால் காலடி கேட்டது. சுவரோடு ஒதுங்கினாள். வகுப்பு வந்தது. கடைசிப் பயிற்சியின் பதிவாக இருக்கும், தானாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டாள். சாம்பல் நிற உருவங்கள், மூடிய கண்கள், தோளில் கை. முதல் உருவம் கதவைத் தாண்டியது. வெள்ளையில் கால் வைத்தது. விழவில்லை. இறங்கியது. முழங்கால், இடுப்பு, தலை. மறைந்தது. இரும்பு ஒலித்தது.

அடுத்தது. அதற்கடுத்தது. இல்லாத படியில்.

கடைசியில் மகள். மகளின் தோளில் கை வைத்தபடி டீச்சருடைய உருவமே. அதன் கண்ணும் மூடியிருந்தது. அது தன்னைக் கடந்துபோகும்போது டீச்சர் அதன் தோளைப் பார்த்தாள். சேலையின் தோள்மடிப்பு அமுங்கியிருந்தது. பின்னாலிருந்து யாரோ பிடித்ததுபோல.

பின்னால் யாரும் இல்லை.

மணி அடித்தது.

பெட்டியைப் பிடுங்கி எறிந்தாள். மணி நிற்கவில்லை. இது வெளியே. உண்மையான மணி.

தாழ்வாரத்துக்கு ஓடினாள். எல்லா வகுப்பும் நடுப்படி வழியாகச் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. புகை இல்லை. மணியை யார் அழுத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டு மணிப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவே கணக்கு சார் கையில் அளவுகோலோடு இறங்கி வந்தார். தனியாக.

"ஏழாம் வகுப்பு எங்க சார்?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன டீச்சர் விளையாடறீங்க? இப்பதான வந்து வரிசை கட்டிக் கூட்டிட்டுப் போனீங்க?"

ஓடினாள். இறங்குகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு மேலே. யாரோ கத்தினார்கள். செருப்பு ஒன்று கழன்றது. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி.

மேலே மணிச் சத்தம் கேட்கவில்லை.

அலமாரி ஒரு பக்கமாக நகர்ந்து நின்றது. பூட்டு தரையில் கிடந்தது. கதவு திறந்திருந்தது. நீள்சதுர வெளிச்சம். அதற்குள் வரிசை போய்க்கொண்டிருந்தது.

வலது கை தோளில். கண்கள் மூடி. வாயாடிகள் இரண்டு பேரும். தூங்குமூஞ்சியும். ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தாண்டினார்கள். யாரும் அலறவில்லை. விழுகிற சத்தம் இல்லை. இரும்பின் சத்தம் மட்டும். ஒரு கால். மறு கால்.

"நில்லுங்க."

ஒருவரும் நிற்கவில்லை. நிற்காதே என்பது அவள் சொல்லிக்கொடுத்தது.

கடைசியில் மகள். அவளுக்குப் பின்னால் டீச்சரின் இடம் காலியாக இருந்தது. கதவுக்கு ஓர் அடி இருக்கும்போது டீச்சர் எட்டிப் பிடித்தாள். தோள் எலும்பு உள்ளங்கையில் பட்டது. சூடு. இத்தனை பயிற்சியிலும் தெரியாத சூடு.

"பாப்பா."

மகள் கண்ணைத் திறக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"பேசக் கூடாது டீச்சர்."

ஒப்பந்தம். டீச்சர் இரண்டு கையாலும் இழுத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். நேற்றுவரை தூக்கம் வந்தால் மடியில் சாய்கிறவள். சுவரை இழுப்பதுபோல இருந்தது. மகள் வலது காலை எடுத்து வெளியே வைத்தாள். காலுக்கு அடியில் காற்று. வெகு கீழே சிமெண்டுத் தரை. சைக்கிள். யாரும் இல்லை. இறங்கினவர்களில் ஒருவர்கூட அந்தத் தரையில் இல்லை.

பாதம் காற்றில் நின்றது. இரும்பு ஒலித்தது.

முன்னால் போனவர்களின் காலடி கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடிக்கு நேரே. முதல் மாடிக்கு நேரே. தரைக்கு நேரே வந்தது. நிற்கவில்லை. தரைக்குக் கீழே போயிற்று. இன்னும் கீழே.

மகள் அடுத்த காலையும் எடுத்தாள். டீச்சர் பிடியை விடவில்லை. விட முடியாது. வாசற்படியின் விளிம்பில் அவளுடைய வெறுங்கால் விரல்கள் நின்றன.

பின்னால் நடைபாதை காலியாக இருந்தது. ஓடிவரும்போது பார்த்திருந்தாள்.

அவளுடைய தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. சின்னக் கை. அதற்குப் பின்னால் இன்னொரு காலடி வரிசையில் சேர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நடைபாதை நெடுக, அவசரமே இல்லாமல், ஒரு வகுப்பு அளவுக்கு.

"நடங்க டீச்சர்," என்றாள் மகள். "பின்னாடி இருக்கறவங்களுக்கு வழி விடணும்."