கறுத்துப்போன அறுபது குதிரைகள்

பாருல் வாசலில் வந்து நின்றபோது பிரமத பாபு பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். விஷ்ணுபூர் கோர்ட்டில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து, பொய்ச்சாட்சி கேட்டுக் கேட்டுக் காது புளித்த மனிதர். எதற்கும் அவசரப்படமாட்டார். அவருக்கும் சேர்த்து அவசரப்பட மைத்துனன் படோல் இருந்தான்.

"என் வீட்டுக்காரரைப் புடிச்சுட்டுப் போய்ட்டாங்க ஐயா! செவ்வாக்கிழமை கூடப்பொறந்த அண்ணனையே கொன்னுட்டாருன்னு சொல்றாங்க. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம். நான் என்ன பண்ணுவேன்?"

"உக்காரும்மா. செவ்வாக்கிழமை காலையிலருந்து ஒண்ணுவிடாம சொல்லு."

பாஞ்ச்முடாவில் ஹாராதன், சுபல் என்ற அண்ணன் தம்பி இருவரும் மண்குதிரை செய்கிற குயவர்கள். தம்பி சுபலின் மனைவிதான் பாருல். கல்கத்தாவில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் தத்தா, ஒரு கல்யாணத்தில் விருந்தாளிகளுக்குக் கொடுக்க அறுபது குதிரை கேட்டிருந்தார்.

"கறுப்புக் குதிரைன்னுதான் பேச்சு. சித்தப்பா மவன் தீனு வந்து சூளை அடுக்கிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை பாங்குரா போனாரு. செவ்வா காலையில தத்தா போன் பண்றாரு. 'கல்யாணத்துல கறுப்பு ஆகாதுன்னு பொண்ணோட அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, செவப்பாவே குடுங்க'ன்னு. சரின்னுட்டாரு பெரியவரு. சூளையை மூட்டிட்டு இவரு விஷ்ணுபூருக்கு வைக்கோல் வாங்கப் போனாரு. நான் அம்மா வீட்டுக்குப் போனேன். பொழுது சாயத் திரும்பி வந்தா, பெரியவரு மண்டை பொளந்து சூளையோரம் கெடக்காரு. பக்கத்துல மண்ணு தட்டுற கட்டை, ரத்தத்தோட. இவரு தலையில கைவச்சு உக்காந்திருக்காரு."

அதற்கு முந்தின நாள்தான் அண்ணனும் தம்பியும் தெருவே கேட்கச் சண்டை போட்டிருந்தார்கள். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

பிரமத பாபு கையைக் கழுவிக்கொண்டு பாஞ்ச்முடாவுக்குக் கிளம்பினார். சூடு ஆறியபின் வியாழக்கிழமை பிரித்த சூளைக்கு முன்னால் அறுபது குதிரைகளும் வரிசையாக நின்றன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அறுபதும் கன்னங்கரேலென்று இருந்தன.

புகையை வெளியே விட்டால் மண் சிவக்கும். புகைத்துளைகளை அடைத்தால் கறுக்கும். அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது.

"அத்தான், எனக்குப் புரிஞ்சுபோச்சு! ஆர்டரைக் கெடுக்கணும்னே எவனோ செஞ்சிருக்கான்!" என்று குதித்தான் படோல்.

பிரமத பாபு, துளைகளிலிருந்து பெயர்த்துப் போட்டிருந்த அடைப்பு மண்ணை எடுத்துப் பார்த்தார். வைக்கோல் கலந்த மண். மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் விரலால் வழவழவென்று தடவப்பட்டிருந்தது. "கெடுக்க வந்தவன் ஒரு ஒதை விட்டுட்டுப் போயிருப்பான்டா மடையா. இவ்வளவு பதமா ஏன் பூசணும்?" என்றார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் விலங்கோடு சுபலை அங்கே கூட்டிவந்தார். தத்தாவும் வந்திருந்தார். செவ்வாய் மதியப் பேருந்தில் ஊர் திரும்பி, வீட்டில் படுத்துத் தூங்கியதாகச் சொன்ன தீனுவும் நின்றான்.

"தீனு, குதிரைங்க எப்படி வந்திருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார் பிரமத பாபு.

"நல்லா வெந்திருக்கு ஐயா. தத்தா கேட்ட கறுப்பு அப்படியே ஏறியிருக்கு. அனுப்பிடலாம்."

தத்தா வாயைத் திறந்தார். பிரமத பாபு கையமர்த்தினார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா, இதை அடைச்சது ஹாராதன் இல்ல. அவருக்குச் செவப்புதான் வேணும்; எழுந்து நடமாடிட்டிருந்தா இதை அடைக்கவும் விட்டிருக்க மாட்டாரு. சுபலுக்கும் அது தெரியும். தத்தாவுக்குத் தெரியும், ஆனா அவரு சேத்துல கையே வச்சதில்ல. அடிபட்டு விழுந்தவர் பக்கத்துல இருந்துக்கிட்டு, கறுப்புதான் வேணும்னு நம்பி, அக்கறையா அடைச்சவன் ஒரு குயவன். ஆர்டர் மாறினது தெரியாத குயவன். அன்னிக்குக் காலையில ஊர்லயே இல்லாத குயவன்."

எல்லாரும் தீனுவைப் பார்த்தார்கள். அவன் குதிரைகளைப் பார்த்தான்.

"செவப்பா?" என்றான். "செவப்பா கேட்டாங்க?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாங்குரா கண்காட்சியில பரிசு வாங்கின குதிரையைப் பார்த்தேன். என் கையால செஞ்சது. கீழ ஹாராதன் பேரு. ஊருக்கு வந்து ஏன்டான்னு கேட்டேன், சிரிச்சான். கட்டையை எடுத்து ஓங்கி அடிச்சுட்டேன். ஓடிரலாம்னுதான் பார்த்தேன். தீ உச்சத்துல நிக்குது ஐயா! விட்டா அறுபதும் வெடிச்சுப்போயிரும். எப்படி விட்டுட்டுப் போவேன்?"

"அப்ப அவருக்கு உசிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. 'அடைக்காதே, அடைக்காதே'ன்னு மொனகிக்கிட்டே இருந்தான். புத்தி தடுமாறிப் பேசுறான்னு நெனச்சேன்."

பாருல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் சுபலின் விலங்கைக் கழற்றினார். சுபல் போய்த் தீனுவின் முன்னால் குந்தினான்.

"எவ்வளவு நேரம்டா மொனகினாரு?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அரை மணி நேரம்! பாவி, ஆஸ்பத்திரி இங்கதானேடா இருக்கு? தூக்கிட்டு ஓடியிருக்கக் கூடாதா?"

தீனு நிமிர்ந்தான். கேள்வியே விளங்காதவன்போல அவனைப் பார்த்தான்.

"அப்ப சூளையை யாரு பாத்துக்குவா?" என்றான்.