கொசுவுக்கு லைசென்ஸ் இல்லை!

1985. கோலசிலாங்கூர் பக்கம், ஆறாங்கட்டைத் தோட்ட மண்டபம். ஞாயிறு, பகல் மூன்று மணி.

இருந்தவர்கள்:

கார்த்திகேசு. கட்சியின் கிளைத் தலைவர். பதினோரு வருடமாக அதே நாற்காலி.

சிவானந்தம். தோட்ட ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. அடுத்த ஞாயிறு அந்த நாற்காலிக்குப் போட்டி போடுகிறவன்.

தங்கமணி. மகளிர் பகுதி. தொண்டை வளம் அதிகம்.

மேசைக்கு அடியில்... ஒரு பிணம்.

"ஆஆஆ...!"

தங்கமணியின் அலறலில் கூரைப் புறாக்கள் மொத்தமாய்ப் பறந்தன.

"பொணம்! பொணம் கெடக்குது!"

பிணம் கொட்டாவி விட்டது.

"ஏன்க்கா கத்துறே? ராவாங் பேக்டரியில நைட் ஷிப்டு பாத்துட்டு வந்து படுத்திருக்கேன் லா..."

செயலாளர் இராமையா. சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது!

இறங்கியவனுக்கு சபாரி சட்டை. கறுப்புக் கண்ணாடி. கையில் தோல் பை.

"என் பேரு அழகேசன். கட்சித் தலைமையகத்துல இருந்து வர்றேன். 'கொசு' எழுதறது யாரு?"



'கொசு' இரண்டே பக்கம். ரோனியோ மெஷினில் சுற்றியெடுத்த பத்திரிகை. நான்கு வருடமாக மாதம் ஒரு தடவை சுங்கை பெசார் பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டியிருக்கும். குழாயில் வரும் சேறு, கூரையில்லாத லயத்து வீடு, கார்த்திகேசுவின் காற்றில் போன வாக்குறுதி... எல்லாம் வரும். ஆசிரியர் பெயர் மட்டும் வராது. அரசாங்க அனுமதியும் கிடையாது.

எழுதியவன் சிவானந்தம்! 'கடிக்கிற கொசு லைசென்ஸ் வாங்கிக்கொண்டா கடிக்கிறது?' என்று முதல் இதழிலேயே கேட்டவன்.

"எதுக்குங்க கேக்கறீங்க?" என்றான் சிவானந்தம்.

"சட்டமன்றத்துக்கு ஆள் தேடறாங்க. 'கொசு' எழுதறவருக்கு சீட்டு நிச்சயம்."

சட்டமன்றம்...!

"நான்தான்!"

சொன்னது சிவானந்தம் இல்லை. கார்த்திகேசு!

"அண்ணே!" தங்கமணி வாயைப் பிளந்தாள். "அதுல மாசாமாசம் ஒங்களத்தானே கிழிச்சிருக்கு?"

"தன்னடக்கம்மா! தலைவன்னா தன்னையே திட்டிக்கணும்."

சிவானந்தத்துக்கு உச்சி வரை எரிந்தது. நான்கு வருடம் முதுகொடிய எழுதியவன் இங்கே நிற்கிறான். பெயரை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போகிறான்!

"புளுகு! நான்தான் சார் எழுதறது!"

அழகேசன் சிரித்தான். பையிலிருந்து மெழுகு பூசிய ஸ்டென்சில் தாள் இரண்டும் ஓர் ஊசிப் பேனாவும் வெளியே வந்தன. மை உருளையும் வந்தது.

"ஆளுக்கொரு வரி எழுதுங்க. பாத்துரலாம்."

கார்த்திகேசு ஊன்றி எழுதினார். 'உண்மையே உயர்வு!' உருளை ஓடியது. வட்டமுள்ள எழுத்தெல்லாம் கறுப்புப் பொட்டாகி, தாளுக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

சிவானந்தமும் அதே வரியை எழுதினான். மெதுவாக... ஊசி நுனியால். உருளை ஓடியது. கண்ணாடி மாதிரி எழுத்து!

"எப்படி?" என்றான் அழகேசன்.

"வட்டத்த முழுசா மூடக்கூடாது சார். மூடினா நடுவுல உள்ள மெழுகு கழண்டு விழுந்துரும். மயிரிழை எடம் விடணும். மொத இதழ்ல நானும் இப்படித்தான் பொட்டு வச்சேன்."

அழகேசன் பழைய 'கொசு' ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே கை!

"நீதானா!"

தங்கமணி கை தட்டினாள். கார்த்திகேசுவா விடுகிறவர்?

"கை அவனோடதுதான். ஒத்துக்கறேன். ஆனா மூளை யாருது? மெஷின் யாருது? பத்திரிகையே என்னுது சார்! இவன் எங்கிட்ட கூலிக்கு எழுதற பய!"

"கூலியா?! யோவ்...!"

சட்டைக் காலருக்குப் பாய்ந்த சிவானந்தத்தை தங்கமணி இடுப்பில் பிடித்து இழுத்தாள்.

"இதை எழுத்துல குடுப்பீங்களா தலைவரே?" என்றான் அழகேசன்.

"தாராளமா!"

கிளைத் தலைவர்கள் செருப்பில்லாமல் வெளியே வந்தாலும் வருவார்கள். ரப்பர் முத்திரை இல்லாமல் வரமாட்டார்கள். கார்த்திகேசு கட்சித் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, ஒன்றுக்கு மூன்றாய்க் குத்தினார்.

அழகேசன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதே பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் அழகேசன். போலீஸ். அனுமதி இல்லாம பத்திரிகை வெளியிடறது குத்தம். ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க!"

மேசைக்கு அடியில் இராமையா மறுபடியும் பிணமானார்.

போலீஸ் நிலையம்.

கார்த்திகேசுவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "சார்... சும்மா சொன்னேன் சார்! சீட்டு ஆசையில சொன்னேன்!"

"மூணு முத்திரை குத்தியா சும்மா சொல்வாங்க?" இன்ஸ்பெக்டர் சிவானந்தத்தின் பக்கம் திரும்பினார். "எனக்கு வேண்டியது வெளியிட்டவன். கூலிக்கு எழுதறவன உள்ள வச்சு சோறு போட முடியாது. சொல்லு. பத்திரிகை உன்னுதா, அவருதா?"

சிவானந்தம் வாயைத் திறந்தான்.

என்னுது! ஒரே சொல். சொன்னால் நான்கு வருட உழைப்புக்குப் பெயர் கிடைக்கும். கூடவே கம்பியும். அடுத்த ஞாயிறு எதிர்க்க ஆளில்லாமல் அதே கார்த்திகேசு அதே நாற்காலியில்...!

"தம்பி!" கார்த்திகேசு கும்பிட்டார். "ஒன்னுதுன்னு உண்மையச் சொல்லிருய்யா!"

சிவானந்தம் வாயை மூடினான். மறுபடி திறந்தான். மானத்தை விழுங்கினான்.

"நான் வெறுங் கூலி சார். எல்லாம் தலைவரோட மூளை."

"அடப்பாவி...!"

இழுத்துக்கொண்டு போனார்கள். இரும்புக் கதவு... டமார்! பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

சிவானந்தம் கம்பிக்கு அருகே போய்ப் பணிவாகக் குனிந்தான்.

"கவலப்படாதீங்கண்ணே... ஒங்க பத்திரிகைய ஒரு மாசங்கூட நிக்காம நான் பாத்துக்கறேன் லா!"